எது பழைய பாட்டு, எது புதிய பாட்டு: போக்ஸ் குழுவின் இரண்டாவது ஆல்பம்

1985ஆம் ஆண்டு ஆகஸ்டில் லண்டனின் ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ரம், சாடமி அண்ட் த லாஷ்’ என்ற இசைத்தட்டில் பன்னிரண்டு உருப்படிகள் இருந்தன. அவற்றுள் சரிபாதியைப் போக்ஸ் குழுவினரே எழுதினார்கள். மற்ற ஆறும் பிறருடையவை; அந்த ஆறில் மூன்று மரபாகப் பாடப்பட்டு வந்த நாட்டுப்பாடல்கள், மூன்று பெயர் அறியப்பட்ட பாடலாசிரியர்கள் எழுதியவை. தட்டின் முதல் பக்கத்தில் ஒன்றைத் தவிர எல்லாம் சொந்தப் பாடல்கள், இரண்டாம் பக்கத்தில் ஒன்றைத் தவிர எல்லாம் இரவல் பாடல்கள். இருந்தும், உறையில் அச்சிட்ட பெயர்களைப் பார்க்காமல் கேட்கும் ஒருவருக்கு, எது நூறாண்டுப் பழையது, எது ஓராண்டுக்கு முன் எழுதப்பட்டது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. இந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பம் நாற்பது ஆண்டுகளாகப் பேசப்படுவதற்கு வேகம், குடி, கலகம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. பழையதற்கும் புதியதற்கும் இடையிலிருந்த எல்லைக்கோட்டை அது அழித்த விதமே முதன்மையான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கோடு எவ்வளவு அழுத்தமாக வரையப்பட்டிருந்தது என்பதை அறியப் பிரிட்டனின் இரண்டு இசை உலகங்களைப் பார்க்க வேண்டும். 1950களில் தொடங்கிய நாட்டாரிசை மறுமலர்ச்சி, மதுக்கடைகளின் மாடி அறைகளில் நடந்த ஃபோக் கிளப்புகள் வழியாக வளர்ந்தது. அங்கே பாட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அதைத் திரித்துவிடக் கூடாது, அவரவர் தத்தம் நாட்டுப் பாடல்களையே பாட வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. அந்த விதிகளை மிகக் கண்டிப்பாக வலியுறுத்தியவர்களில் ஒருவர் பாடகரும் பாடலாசிரியருமான யூவன் மெக்கோல். அவருடைய பாட்டு ஒன்றே இந்த ஆல்பத்தில் வந்து சேர்ந்தது. மறுபுறம் 1976, 1977 ஆண்டுகளில் லண்டனில் வெடித்த பங்க் இசைக்கு முன்னோர் எவரும் தேவைப்படவில்லை. கிதாரில் மூன்று கார்டுகள் (சுரக்கூட்டுகள்), வேகம், எரிச்சல் ஆகியவை போதும்; வாசிக்கத் தெரியாதவனும் மேடையேறலாம் என்பதே அதன் அறைகூவல். இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று ஏளனமாகவே பார்த்தன. ஆயினும் பாடுவதற்குப் பயிற்சி பெற்ற குரல் அவசியமில்லை, பாட்டு நட்சத்திரங்களின் தனிச்சொத்து அல்ல என்ற ஒரு நம்பிக்கை இரண்டுக்கும் அடியில் ஓடியது. ஃபோக் பங்க் என்று பின்னர் பெயர் பெற்ற வகை அந்த நம்பிக்கையிலிருந்து முளைத்தது.

போக்ஸ் குழுவின் பாடகர் ஷேன் மெக்கவன் அந்த இரண்டு உலகங்களிலும் காலூன்றியவர். 1957ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த அவர், சிறுவயதில் டிப்பரரி மாவட்டத்திலுள்ள தாய்வழி உறவினரின் பண்ணை வீட்டில் பாட்டும் நடனமும் நடந்த இரவுகளைக் கண்டு வளர்ந்தார். பிறகு லண்டனில் உதவித்தொகை பெற்று வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்து, போதைப்பொருள் காரணமாக அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். 1976இல் த கிளாஷ் என்ற பங்க் குழுவின் நிகழ்ச்சி ஒன்றில் காது கிழிந்து ரத்தம் வழிய நின்ற அவருடைய புகைப்படம் இசைப் பத்திரிகையில் வெளியானது; பங்க் கூட்டத்தில் அவர் முதன்முதலில் அறியப்பட்டது பாடகராக அல்ல, அந்தக் காதின் சொந்தக்காரராகத்தான். சில காலம் நிப்ஸ் என்ற பங்க் குழுவில் பாடினார். 1980களின் தொடக்கத்தில் பங்க் வற்றி, சிந்தசைசர் இசையின் பளபளப்பு லண்டனை ஆட்கொண்டபோது, ஜெம் ஃபைனர், ஸ்பைடர் ஸ்டேசி, ஜேம்ஸ் ஃபியர்ன்லி ஆகியோரோடு சேர்ந்து கிங்ஸ் கிராஸ் பகுதியில் புதிய குழு ஒன்றைத் தொடங்கினார். 1982 அக்டோபரில் அவர்கள் முதன்முதலாக மேடையேறினார்கள். அயர்லாந்து மொழியின் வசைச்சொல் ஒன்றிலிருந்து எடுத்த குழுவின் பெயர், ஸ்காட்லாந்தில் அம்மொழிக்கு நெருங்கிய கேலிக் பேசும் வானொலி நேயர்களுக்குப் புரிந்துபோனதால், போக்ஸ் என்று சுருக்கப்பட்டது.

இந்தக் குழுவை அயர்லாந்துக் குழு என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். அக்கார்டியன் வாசித்த ஃபியர்ன்லி, பாஞ்சோ வாசித்த ஃபைனர், டின் விசில் ஊதிய ஸ்டேசி, முரசடித்த ஆண்ட்ரூ ரேங்கன் ஆகிய நால்வரும் இங்கிலாந்துக்காரர்கள். பேஸ் கிதார் வாசித்த காட் ஓரியோர்டன் நைஜீரியாவில் அயர்லாந்துத் தந்தைக்கும் ஸ்காட்லாந்துத் தாய்க்கும் பிறந்தவர். இரண்டாவது ஆல்பத்தையொட்டிக் குழுவில் சேர்ந்த கிதார் கலைஞர் ஃபிலிப் செவ்ரான் ஒருவரே டப்ளினில் பிறந்து வளர்ந்தவர். அவரும் அங்கே ரேடியேட்டர்ஸ் என்ற பங்க் குழுவில் இருந்து வந்தவரே. இந்தக் கலவை தற்செயலானதாக இருக்கலாம், ஆனால் இசையில் அதன் விளைவு பெரிது. மரபைப் பிறப்பால் பெற்றவர்களுக்கு அதைக் காக்கும் கடமை இருக்கும். கேட்டுக் கேட்டு எட்டிப் பிடித்தவர்களுக்கு அந்தப் பாரம் இல்லை. ரேங்கன் நின்றுகொண்டே இரண்டு முரசுகளை மட்டும் வைத்து அடித்ததும், ஸ்டேசி பீர் தட்டைத் தலையில் மோதித் தாளம் போட்டதும் எந்த மரபிலும் இல்லாதவை.

1984 அக்டோபரில் வெளிவந்த முதல் ஆல்பமான ‘ரெட் ரோஸஸ் ஃபார் மீ’யிலும் பழைய பாடல்களும் மெக்கவனின் பாடல்களும் கலந்தே இருந்தன. அதில் வேகம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிறது. குழு மேடையில் செய்ததை ஏறக்குறைய அப்படியே பதிவுசெய்த தட்டு அது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் இசைப் பயணத்தில் தொடக்கக் குழுவாகப் போக்ஸ் சென்றது. அந்த அறிமுகத்தின் தொடர்ச்சியாகக் காஸ்டெல்லோ இரண்டாவது ஆல்பத்தின் தயாரிப்பாளரானார். அவரும் டெக்லன் மெக்மேனஸ் என்ற இயற்பெயர் கொண்ட, அயர்லாந்து வம்சாவளியில் லண்டனில் பிறந்தவர். ஸ்டிஃப் நிறுவனத்தில்தான் 1977இல் தம் முதல் ஆல்பத்தை வெளியிட்டவர். வேறொரு கைதேர்ந்த தயாரிப்பாளர் வந்து கெடுத்துவிடுவதற்கு முன்னால், இந்தக் குழுவின் சிதிலமான அழகை அப்படியே பிடித்து வைப்பதே தம் வேலை என்று அவர் பின்னாளில் சொன்னார்.

லண்டனின் வாப்பிங் பகுதியிலிருந்த எலிஃபன்ட் ஸ்டூடியோவில் நடந்த ஒலிப்பதிவைக் கேட்கும்போது, காஸ்டெல்லோ சொன்னதைவிட அதிகமாகவே செய்திருக்கிறார் என்று தெரிகிறது. அக்கார்டியன், பாஞ்சோ, டின் விசில் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மோதாமல் தனித்தனியே நிற்கின்றன. பிடிலுக்கும், அயர்லாந்துத் துருத்திக் குழலான இலியன் பைப்புக்கும், கொம்புக் கருவிகளுக்கும் வெளியிலிருந்து கலைஞர்கள் அழைக்கப்பட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் குரல் முன்னுக்கு வந்துவிட்டது. மெக்கவனின் குரல் இனிமையானது அல்ல. சொற்களை மென்று, சில இடங்களில் துப்பிவிடுவதுபோல் ஒலிக்கும். அதை மெருகேற்ற முயலாமல், ஒரு சொல்லும் தவறாமல் கேட்கும்படி வைத்ததுதான் தயாரிப்பாளரின் தீர்ப்பு. முதல் ஆல்பத்தில் கேட்டவர்கள் ஆடினார்கள் என்றால், இரண்டாவதில் கதையையும் கேட்க வேண்டியிருந்தது.

அந்தக் கதைகள் எந்தப் பின்னணியில் பாடப்பட்டன என்பதும் முக்கியம். 1950களில் மட்டும் அயர்லாந்துக் குடியரசிலிருந்து சுமார் 4 லட்சம் பேர் நிகரமாக வெளியேறினார்கள். 30 லட்சம்கூட இல்லாத மக்கள்தொகைக்கு அது பெரும் இழப்பு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் பிரிட்டனின் கட்டடப் பணிகள், தொழிற்சாலைகள், மருத்துவமனைகள். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து ஆளானபோது அரசியல் சூழல் இறுகியிருந்தது. 1974 நவம்பரில், அயர்லாந்துக் குடியரசுவாத ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்ததாகக் கருதப்படும் குண்டுகள் பர்மிங்ஹாம் மதுக்கடைகளில் வெடித்து 21 பேரைக் கொன்றன. சில நாட்களுக்குள் நிறைவேறிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், குற்றச்சாட்டு இன்றியே ஏழு நாட்கள் வரை ஒருவரைக் காவலில் வைக்க வழிசெய்தது. துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் அயர்லாந்து உச்சரிப்போடு பேசுவதே சந்தேகத்துக்கு இடமாயிற்று. போக்ஸின் முதல் ஆல்பம் வந்த அதே அக்டோபரில்தான், பிரைட்டன் நகரில் மார்கரெட் தாட்சர் தங்கியிருந்த ஹோட்டலில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தது. அடங்கிப் போ, அயர்லாந்துக்காரன் என்று காட்டிக்கொள்ளாதே என்று பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், லண்டன் உச்சரிப்பில் அயர்லாந்துப் பாட்டை உரக்கப் பாடும் ஒரு கூட்டம் மேடையேறியது. இரண்டாம் தலைமுறையினர் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு இந்தப் பின்னணியே விளக்கம்.

ஆனால் ஆல்பம் அரசியல் முழக்கம் எதையும் எழுப்பவில்லை. அது செய்தது வேறு. முதல் பாடலான ‘த சிக் பெட் ஆஃப் கூஹுலின்’, அல்ஸ்டர் காவியங்களின் நாயகன் கூஹுலின் நோயுற்றுக் கிடக்கும் பழைய அயர்லாந்துக் கதையின் தலைப்பைத் தாங்கி வருகிறது. அந்த வீரன் சாகும்போதும் விழக்கூடாது என்று தன்னைக் கல்லில் கட்டிக்கொண்டவன். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் நினைவாக டப்ளின் தலைமை அஞ்சலகத்தில் அவன் சிலைதான் நிற்கிறது. அந்தப் புனித உருவத்தை மெக்கவன் படுக்கையில் கிடக்கும் ஒரு குடிகாரக் கிழவனாக்குகிறார். கட்டிலருகே பழங்காலப் பாடகர்கள் ஜான் மெக்கார்மக்கும் ரிச்சர்ட் டௌபரும் பாடுகிறார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் போரிட்ட குடியரசுவாதி ஃபிராங்க் ரயன் மாட்ரிட்டில் விஸ்கி வாங்கிக் கொடுக்கிறார். யூதர்களை வசைபாடிய பாசிஸ்ட் ஒருவனுக்கு அடி விழுகிறது. லண்டன் மதுக்கடையில் மது தர மறுக்கிறார்கள், கிழவன் ஜன்னலை உடைக்கிறான். கடைசியில் டிப்பரரியில் புதைத்த பிறகும் குழியிலிருந்து தலையை நீட்டி இன்னொரு சுற்று கேட்கிறான். புராணம், ஸ்பெயின், லண்டன் தெரு எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. வீர வழிபாட்டையும் அதன் கேலியையும் ஒரே மூச்சில் செய்வது எளிதல்ல. மெக்கவனால் அது முடிந்ததற்குக் காரணம், அந்தக் கிழவனை அவர் உண்மையிலேயே மதிக்கிறார் என்பதே.

அடுத்த பாட்டிலேயே வேகம் முற்றாக நின்றுவிடுகிறது. ‘த ஓல்ட் மெயின் டிராக்’, பதினாறு வயதில் லண்டனுக்கு வந்து, பிக்காடிலி வட்டாரத்தில் உடலை விற்று, மாத்திரைகளுக்கு அடிமையாகி, காவல் நிலையத்தில் அடிபட்டு, சாகக் கிடக்கும் ஒரு பையனின் வாக்குமூலம். அக்கார்டியனின் ஒரே சுருதி அடியில் நீண்டு ஒலிக்கிறது.  சாகும் தறுவாயில் இளைஞன் ஒருவன் தன் கதையைத் தானே சொல்வது ஆங்கில, அயர்லாந்து நாட்டுப்பாடல்களில் பல நூற்றாண்டுகளாக இருக்கும் வடிவம். பழைய பாட்டுகளில் அவன் பெரும்பாலும் நோய்கண்ட சிப்பாய். மெக்கவன் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் 1970களின் லண்டனுக்கு மாற்றுகிறார். பரிதாபப்படும்படி எங்கும் கேட்பதில்லை, யாரையும் குற்றம் சாட்டுவதுமில்லை. பங்க் பாடகர் ஒருவர் இதை எழுதியிருந்தால் கடைசி அடியில் சமூகத்தைத் திட்டியிருப்பார். மரபு கற்றுக்கொடுத்த அடக்கமே இந்தப் பாட்டைத் தாங்க முடியாததாக்குகிறது.

‘எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்’ பாட்டின் மெட்டு, அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அனைவரும் அறிந்த ‘வைல்ட் மவுன்டன் தைம்’ பாட்டின் சாயலைக் கொண்டது. பழைய மெட்டில் புதிய கதை கட்டுவது நாட்டுப்பாடகர்களின் வழக்கமான முறைதான். இதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. காதல் தோல்வியோடு மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் இளைஞனிடம், எதிரே இருக்கும் கிழவன் போர்க்களத்தில் சிதறிக் கிடந்த உடல் உறுப்புகளைப் பற்றிச் சொல்கிறான்; அங்கே தன்னை உயிரோடு வைத்தவை ஒரு ஜோடிப் பழுப்புக் கண்கள், திரும்பி வந்தபோது அந்தக் கண்கள் காத்திருக்கவில்லை என்கிறான். இங்கே இளைஞன் மனம் உருகிக் கிழவனின் கையைப் பற்றிக்கொள்வான் என்று கேட்பவர் எதிர்பார்ப்பார். அவனுக்கு வருவது வெறுப்பு. எழுந்து வெளியே போய்விடுகிறான். ஆனால் கால்வாய் ஓரமாகத் தள்ளாடி நடக்கும்போது அவன் வாயில் வருவதும் அதே பல்லவிதான். எந்தப் போர் என்று பாட்டு சொல்வதில்லை. பின்னணியில் ஓடும் ஜூக்பாக்ஸ் பாட்டுகள் மட்டும் நம் காலத்தைக் காட்டுகின்றன. மெக்கவன் எழுதியவற்றுள் இதுவே தலைசிறந்தது என்று நான் கருதுகிறேன். இரண்டாண்டுகளுக்குப் பின் வந்து அனைவரையும் ஈர்த்த ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’ என்ற கிறிஸ்துமஸ் பாட்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

‘சாலி மெக்லெனன்’ முதல் பக்கத்தை முடித்து வைக்கும் குதியாட்டப் பாட்டு. மழையில் நண்பனை ரயில் நிலையம் வரை கொண்டுவிட்டு வழியனுப்புகிறார்கள். ஆண்டுகள் கழித்து அவன் திரும்பும்போது பழகியவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், அவனும் குடித்தே சாகிறான். அயர்லாந்துக் குடியேற்றத்தின் முழு வரலாறும் அதில் இருக்கிறது, ஆனால் கூட்டம் கைதட்டிக்கொண்டே கேட்கும். பக்கத்தின் நடுவில் வரும் ‘வைல்ட் கேட்ஸ் ஆஃப் கில்கென்னி’ சொற்களற்ற வாத்திய உருப்படி. ஒருவர் அலறுவதைத் தவிர அதில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

அந்தப் பக்கத்தில் உள்ள ஒரே இரவல் பாட்டு ‘ஐ’ம் எ மேன் யூ டோன்ட் மீட் எவ்ரி டே’; ‘ஜாக் ஸ்டூவர்ட்’ என்றும் அறியப்படும் ஸ்காட்லாந்து மரபுப் பாடல். நிலபுலன் உள்ள ஒரு கனவான், கடையில் உள்ளோர் அனைவருக்கும் மது வாங்கித் தந்து தன் பெருமை பேசுவது அதன் பொருள். அதை இருபது வயதுப் பெண்ணான காட் ஓரியோர்டனைப் பாட வைத்தார்கள். அவர் ‘நான் ஓர் ஆண்’ என்று பாடும்போது அதில் கிண்டல் துளியும் இல்லை. சற்றுத் தட்டையான, அலங்காரமில்லாத அந்தக் குரலால் ஒரு பெருமைக்காரனின் பாட்டு தனிமையில் இருப்பவனின் பாட்டாக மாறிவிடுகிறது.

இரண்டாம் பக்கத்தின் தேர்வுகளைப் பார்த்தால் ஆல்பத்தின் எண்ணம் இன்னும் தெளிவாகும். ‘டர்ட்டி ஓல்ட் டவுன்’ பாட்டை யூவன் மெக்கோல் 1949இல், தாம் பிறந்த சால்ஃபோர்டு தொழில் நகரத்தைப் பற்றிய நாடகம் ஒன்றுக்காக எழுதினார். அயர்லாந்து நாட்டாரிசைக் குழுவான டப்ளினர்ஸின் லூக் கெல்லி அதைப் பாடிய பிறகு, அது டப்ளினைப் பற்றிய பாட்டு என்றே பலர் நம்பத் தொடங்கினார்கள். இங்கிலாந்துத் தொழிலாளி எழுதிய பாட்டு அயர்லாந்துக்காரர்கள் வழியாகப் பயணித்து, லண்டனின் கலப்புக் குழு ஒன்றின் வாயிலிருந்து மறுபடி இங்கிலாந்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அவரவர் நாட்டுப் பாட்டை அவரவர் பாட வேண்டும் என்று விதி வகுத்தவரின் பாட்டுக்கே இந்த ஊர்சுற்றல் நேர்ந்தது வேடிக்கைதான். ஃபில் கேஸ்டன் எழுதிய ‘நேவிகேட்டர்’, பிரிட்டனின் கால்வாய்களையும் ரயில் பாதைகளையும் மண்வெட்டியால் தோண்டிய, அயர்லாந்துக்காரர்களும் கணிசமாக இருந்த கூலிகளின் இரங்கற்பா. மெக்கவன் எழுதிய ‘பில்லீஸ் போன்ஸ்’, சண்டை பிடிக்கும் என்பதற்காகவே ஐ.நா. அமைதிப்படையில் சேர்ந்து மத்திய கிழக்கில் மாண்ட ஒருவனைப் பற்றியது. அயர்லாந்துப் படையினர் 1978 முதல் லெபனானில் அமைதிப் பணியில் இருந்தார்கள் என்பதால், நெப்போலியன் காலத்துப் போர்ப்பாட்டுபோல் ஒலிக்கும் அது அன்றைய செய்தித்தாளிலிருந்து எடுத்த கதை. ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’, ‘த ஜென்டில்மேன் சோல்ஜர்’ ஆகிய இரண்டும் கலகலப்பானவை, ஆனால் மற்றவற்றோடு ஒப்பிடும்போது இலேசானவை; பின்னதில் சேர்த்த போர்க்கள ஒலிகள் அவசியமே இல்லை.

கடைசிப் பாட்டான ‘அண்ட் த பேண்ட் பிளேய்ட் வால்ட்ஸிங் மெடில்டா’ எட்டு நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. ஸ்காட்லாந்தில் பிறந்து 1969இல் ஆஸ்திரேலியாவில் குடியேறிய எரிக் போகிள், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1971இல் எழுதிய பாட்டு அது. 1915இல் துருக்கியின் கல்லிப்போலியில் இறங்கிய ஆஸ்திரேலியப் படையினரில் 8,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பாட்டின் நாயகன் கால்களை இழந்து ஊர் திரும்பி, ஆண்டுதோறும் நடக்கும் நினைவு அணிவகுப்பைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். ஆங்கிலேயப் பாடகி ஜூன் டேபர் 1970களில் இதை வாத்தியம் ஏதுமின்றி, கண்ணியமான துயரத்தோடு பாடியிருந்தார். மெக்கவன் அப்படிப் பாடவில்லை. அவருடைய நாயகன் குடித்திருக்கிறான், சலித்திருக்கிறான், நினைவு நாளின் சடங்குகள் அவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. அணிவகுப்பு எதற்காக என்று இளைஞர்கள் கேட்கும் கேள்வியைத் தானும் கேட்டுக்கொள்ளும் இடத்தில், முதல் பக்கத்தில் மதுக்கடையில் கண்ட அந்தக் கிழவனே இவன் என்று தோன்றிவிடுகிறது. மெக்கவன் எழுதிய பாட்டுக்கும் போகிள் எழுதிய பாட்டுக்கும் இடையில் ஒரே ஆள் நடமாடுகிறான். கூலி, சிப்பாய், தெருவில் உடல் விற்கும் பையன், ரயில் ஏறிப் போனவன் ஆகிய எல்லோரும் நாடுகளால் பயன்படுத்தப்பட்டுக் கைவிடப்பட்டவர்கள். அவர்களை ஒரே தட்டில் ஒன்றுகூட்டுவதற்கு இரவல் பாட்டுகள் தேவைப்பட்டன. அவை இடம் நிரப்ப வந்தவை அல்ல.

உறையும் தலைப்பும் இதைத்தான் வேறு வழியில் சொல்கின்றன. ரம், ஆண்புணர்ச்சி, சவுக்கடி ஆகிய மூன்றுமே பிரிட்டிஷ் கடற்படையின் மரபு என்று வின்ஸ்டன் சர்ச்சில் சொன்னதாக வழங்கும் ஒரு வாசகத்திலிருந்து தலைப்பு எடுக்கப்பட்டது. சர்ச்சில் தாம் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்ததாக அவருடைய செயலர் பதிவுசெய்திருக்கிறார். தலைப்பை முன்மொழிந்தவர் முரசுக் கலைஞர் ரேங்கன். குழுவின் அன்றாட வாழ்க்கைக்கு அது பொருந்தியதாக அவர் வேடிக்கையாகக் காரணம் சொன்னார். உறையில் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1819இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த ‘மெடூசாவின் தெப்பம்’ ஓவியம், சில முகங்களுக்குப் பதிலாகக் குழுவினரின் முகங்களோடு அச்சிடப்பட்டது. 1816இல் மெடூசா என்ற போர்க்கப்பல் ஆப்பிரிக்கக் கரையருகே தரைதட்டியபோது, தகுதியற்ற தலைவனும் அதிகாரிகளும் படகுகளில் ஏறித் தப்பினார்கள். சுமார் 150 பேர் ஒரு தெப்பத்தில் கைவிடப்பட்டார்கள், பதின்மூன்று நாட்களுக்குப் பின் 15 பேரே உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஆல்பத்தின் பாத்திரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான குழுப்படம் கிடைத்திருக்காது. வெளியீட்டு விழாவை லண்டனில் தேம்ஸ் நதியில் நிற்கும் எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலில், நெப்போலியன் காலத்துக் கடற்படைச் சீருடையணிந்து நடத்தினார்கள்.

பிரிட்டனில் ஆல்பம் 13ஆம் இடம் வரை ஏறியது. தனிப்பாடல்களாக வந்த மூன்றும் முதல் ஐம்பதுக்குள்கூட வரவில்லை. அயர்லாந்தில் வரவேற்பு இருவகைப்பட்டது. சீஃப்டன்ஸ், பிளாங்ஸ்டி போன்ற குழுக்கள் இருபது ஆண்டுகளாகப் பாடுபட்டு, மரபிசைக்குக் கச்சேரி அரங்கின் மரியாதையைப் பெற்றுத் தந்திருந்தன. குடிகார அயர்லாந்துக்காரன் என்ற பழைய கேலிச்சித்திரத்தை லண்டன்காரர்கள் மீண்டும் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்பது அங்கே பலரின் கோபம். 1985இல் அயர்லாந்து வானொலியில் நடந்த கலந்துரையாடல் ஒன்றில் மரபிசைக் கலைஞர் ஒருவர் மிகக் கடுமையான சொற்களால் இவர்களைச் சாடினார். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. மெக்கவனின் பிற்கால உடல்நிலை அந்தக் கேலிச்சித்திரத்துக்கு அவரே சாட்சியாகிவிட்டதைக் காட்டுகிறது. ஆனால் பாட்டுகளில் குடி எங்குமே விளையாட்டாக இல்லை, குடிக்கும் ஒவ்வொருவனுக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்பதை விமர்சித்தவர்கள் கவனிக்கவில்லை. 1987இல் டப்ளினர்ஸ் குழு போக்ஸோடு சேர்ந்து ‘த ஐரிஷ் ரோவர்’ பாட்டைப் பதிவுசெய்தபோது இந்தச் சண்டை ஏறக்குறைய ஓய்ந்தது.

காஸ்டெல்லோவும் ஓரியோர்டனும் 1986இல் வாழ்க்கைத் துணைகளானார்கள். அதே ஆண்டு ஓரியோர்டன் குழுவை விட்டுச் சென்றார். ஸ்டிஃப் நிறுவனம் நிதி நெருக்கடியில் மூழ்கியதால் அடுத்த ஆல்பம் 1988 வரை தாமதமானது. ஸ்டீவ் லில்லிவைட் தயாரித்த அது பெரிய மேடைக்கான பளபளப்பான இசை. அதில் யூவன் மெக்கோலின் மகள் கர்ஸ்டி மெக்கோல் சேர்ந்து பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை சென்று, இன்றும் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. அந்தப் பாட்டின் நிழலில் இரண்டாவது ஆல்பம் ஓரளவு மறைந்துபோனது என்பதே என் எண்ணம்.

பாஸ்டனின் டிராப்கிக் மர்ஃபிஸ், லாஸ் ஏஞ்சலிஸின் ஃப்ளாகிங் மாலி முதலிய பிற்காலக் குழுக்கள் போக்ஸைத் தங்கள் முன்னோடியாக ஏற்றவை. அவை எடுத்துக்கொண்டது பெரும்பாலும் முதல் ஆல்பத்தின் வேகத்தை. அக்கார்டியனுக்குக் கீழே பங்க் கிதாரைச் சேர்த்தால் போதும் என்ற சூத்திரம் அங்கிருந்து வந்தது. இரண்டாவது ஆல்பத்தின் மெதுவான பாட்டுகளைப் பின்பற்றியவர்கள் குறைவு. அப்படி எழுத வேண்டுமானால் மரபின் வடிவங்களை உள்ளிருந்து அறிய வேண்டும். அது தாளத்தைக் கூட்டுவதைவிடக் கடினம்.

மெக்கவன் 2023 நவம்பர் 30இல் காலமானார். 2025இல் ஸ்டேசி, ஃபைனர், ஃபியர்ன்லி ஆகிய மூவரும் இந்த ஆல்பத்தின் நாற்பதாம் ஆண்டையொட்டி, வேறு பல இளம் பாடகர்களையும் சேர்த்துக்கொண்டு, அதை மேடைகளில் வாசித்தார்கள். மெக்கவனின் பாட்டுகளை ஒவ்வொரு குரல் ஒவ்வொரு விதமாகப் பாடியது. ‘டர்ட்டி ஓல்ட் டவுன்’ பாட்டுக்கு லூக் கெல்லி காலத்தில் நேர்ந்தது இப்போது ‘எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்’ பாட்டுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது: அயர்லாந்து மதுக்கடைகளில் அதைப் பாடுபவர்களில் சிலர், அது யாரோ எப்போதோ கட்டிய பழம்பாட்டு என்றே நினைத்துப் பாடுகிறார்கள்.